ஆடியில் மட்டும் இலை போடும் அம்மாப்பேட்டை கொட்டகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைக்குப் பெயர் இல்லை, போர்டு இல்லை, வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடையே இல்லை. சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாண சமையல் கான்ட்ராக்டரின் பாத்திரக் கொட்டகை அது. மற்ற மாதங்களில் எட்டிப் பார்த்தால் அடுக்கி வைத்த அண்டாக்களும் தவலைகளும், சுவரில் சாய்த்த ஜல்லிக்கரண்டிகளும், வாசலில் ஒரு குட்டியானை வண்டியும்தான் தெரியும். ஆடி ஒன்றாம் தேதி, அதாவது ஜூலை 17 வாக்கில், பாத்திரத்தையெல்லாம் பின்பக்கம் தள்ளிவிட்டு, பந்திக்குப் போடுகிற மடக்கு டேபிளில் நாலை விரித்து, அதன்மேல் அதே பந்திப் பேப்பரை உருட்டிவிட்டு, பதினாறு பேர் உட்காருகிற மாதிரி செய்துவிடுகிறார்கள். மதியச் சாப்பாடு மட்டும், 90 ரூபாய், பன்னிரண்டரைக்கு ஆரம்பித்துச் சோறு தீரும் வரை. இரண்டு மணிக்கு மேல் போய் நின்றுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். ஆவணி பிறந்தால் டேபிள் மடங்கிவிடும். மூன்று ஆடியாகப் போகிறேன், இந்த ஆடியில் மட்டும் பதினாலு நாள் சாப்பிட்டாயிற்று, அதனால் ஒரு நாள் போய்விட்டு எழுதுகிற மதிப்புரை இல்லை இது.

நான் செவ்வாய்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகைதான் சோறு போடுகிறது. சிவகாசியிலிருந்து கார்டை வாங்கி வைத்துக்கொண்டு மேட்டரை மட்டும் இங்கே அடித்துக் கொடுப்போம். ஆடி பிறந்தால் எங்களுக்கும், மண்டபக்காரருக்கும், மேளக்காரருக்கும், மாலை கட்டுகிறவருக்கும், மேக்கப் போடுகிற பெண்களுக்கும் ஒரே நாளில் கை ஓய்ந்துவிடும். ஜவுளிக்கடைகள் மட்டும் ஆடித் தள்ளுபடி என்று மைக்கில் அலறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நானும் ஒரு வருஷம் பத்திரிகைக்கு ஆடித் தள்ளுபடி போட்டேன், முந்நூறு கார்டு அடித்தால் ஐம்பது கார்டு இலவசம் என்று. சேலையைத் தள்ளுபடியில் வாங்கிப் பீரோவில் வைக்கலாம், சரி. பத்திரிகை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்களா? அந்த மாதம் முழுக்க ஒரே ஒருத்தர் வந்தார், அவரும் ஆவணி முகூர்த்தக்காரர், அவருடைய அண்ணன் கல்யாணத்துக்கும் நான்தான் அடித்தேன், எப்படியும் என்னிடம்தான் வந்திருப்பார். முழு விலைக்கு வர வேண்டியதை நானே குறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதனால் இந்தச் சமையல்காரர் ஆடியை எப்படி ஓட்டுகிறார் என்று வேவு பார்க்கத்தான் முதலில் போனேன். சாப்பாட்டுக்காகப் போக ஆரம்பித்தது அப்புறம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கல்யாணப் பந்தி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். கோபி மஞ்சூரியன் கிடையாது, பனீர் கிடையாது, இலை ஓரத்தில் ஜாங்கிரி கிடையாது. செவ்வாய்க்கிழமை கொள்ளுப் பருப்புக் கடைசலும் கொள்ளு ரசமும், புதன் அரிசிம்பருப்புச் சோறு, வியாழன் பச்சைப்பயறு கடைசலும் தக்காளிக் குழம்பும். சனியும் திங்களும் ஏதாவது புதிதாக முயற்சி செய்வார்கள், அதைப் பற்றிக் கீழே புலம்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சோறே இல்லை, கூழ். ஞாயிறு விடுமுறை. ஏன் இப்படி வீட்டுச் சமையலாகவே போடுகிறீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன். "கல்யாணத்துல நான் சமைக்கிறது பொண்ணு வீட்டுக்காரங்க ஊருக்குக் காட்டுறதுக்குங்க. கொள்ளு கடைஞ்சு போடுங்கன்னு இதுவரைக்கும் ஒரு சம்பந்தி சொன்னது இல்ல. எனக்கே மறந்துரும் போல இருக்கு, அதான் ஆடியில கடைஞ்சு பாத்துக்கறேன்" என்றார்.

மறக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கொள்ளை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, விறகடுப்பில் மெத்தென்று வேகவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்து ரசத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், கொஞ்சம் மல்லி விதை, எல்லாவற்றையும் வதக்கிப் பருப்போடு சேர்த்து மண்சட்டியில் மத்துப் போட்டுக் கடைகிறார்கள். மிக்சியில் அடித்தால் மாவாகிவிடும். இது அப்படி இல்லை, பாதி கடைந்தும் பாதி முழுசாகவும் இருக்கும், நடுநடுவே பூண்டுப்பல் ஒன்று நசுங்காமல் தப்பித்து வரும். சோற்றில் குழி பறித்து அதில் இதை விட்டு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுவார் ஒரு பெரியவர். நெய் கேட்டால் முறைப்பார். வெளியே ஆடிக் காற்று கொட்டகைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே இந்தச் சூடு தொண்டையில் இறங்கும்போது இருக்கிறதே, 90 ரூபாய்க்கு அது அதிகம். ரசம் மட்டும் சில நாள் மிளகு தூக்கலாக இருக்கிறது, வயதானவர்களைக் கூட்டிப் போனால் முதலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி ஒன்றாம் தேதி போவதாக இருந்தால் சீக்கிரம் போங்கள். நம் ஊரில் அன்றைக்குத் தேங்காய் சுடும் பண்டிகை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பாரதப் போர் ஆடி ஒன்றில் ஆரம்பித்துப் பதினெட்டில் முடிந்தது என்பார்கள், அதற்காகப் பிள்ளையாருக்குப் படைக்கிற தேங்காய். தேங்காயின் நாரை உரித்துத் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கி, கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, உள்ளே பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, அழிஞ்சில் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவது. மற்றவர்கள் வீட்டு வாசலில் ஒன்று இரண்டு சுடுவார்கள். இங்கே கொட்டகை முன்னால் முப்பது தேங்காயை ஒரே வரிசையில் சுடுகிறார்கள். ஓடு வெடித்ததும் உடைத்து, உள்ளே வெல்லம் ஊறிக் கருகலும் இனிப்புமாக இருக்கிற அந்தப் பருப்பையும் ஒரு கீற்றுத் தேங்காயையும் இலை ஓரத்தில் வைக்கிறார்கள். அன்றைக்கு எனக்குப் பாயசம் தேவைப்படவே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். அதில் அன்றைய சமையல் என்ன என்று எழுதியிருப்பதோடு, எதை யார் செய்தது என்றும் எழுதியிருக்கும். சாம்பார் இன்னார், கூட்டு இன்னார் என்று பையன்களின் பெயர். முதல் நாள் எனக்கு இது புரியவில்லை. கல்யாண சீசனில் இந்தப் பையன்களுக்கு வேலை என்ன தெரியுமா, காய் நறுக்குவதும் அண்டா தூக்குவதும் தேங்காய் துருவுவதும்தான். ஆயிரம் பேர் சாம்பாரைக் கற்றுக்கொள்கிற பையனிடம் விட்டால் மறுநாள் மாஸ்டர் தலைகாட்ட முடியாது. ஐந்து வருஷம் வேலை பார்த்தும் ஒரு தாளிப்புக்கூடத் தன் கையால் போடாதவர்கள் உண்டு. ஆடியில்தான் அவர்களுக்குக் கரண்டி கைக்கு வருகிறது. அறுபது இலை, தப்பினாலும் அறுபது பேர்தான் திட்டுவார்கள்.

அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது. நானும் எழுதியிருக்கிறேன். இரண்டாவது வாரம் சனிக்கிழமை சுரைக்காய்க் கூட்டு வைத்தார்கள், காய் வேகவில்லை, பருப்பு கரைந்து போயிருந்தது, உப்பு மேலே மட்டும் மிதந்தது. காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறோம் என்ற கோபத்தில் கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே பையன் என் இலைக்கு நேராக வந்து அதே சுரைக்காய்க் கூட்டை வைத்துவிட்டு, "அண்ணா, இன்னைக்கும் நோட்டுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நின்றான். நன்றாக இருந்தது. உப்பைக் கடைசியில் போடாமல் காய் வேகும்போதே பாதி போட்டேன் என்றான். நான் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன், அவன் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

ஆக நாம் காசு கொடுத்துச் சாப்பிடுகிற பரிசோதனை எலிகள் என்று என்னோடு வந்த நண்பன் சொன்னான். தப்பில்லை, அப்படித்தான். ஆனால் மறைக்கவில்லையே, பலகையில் எழுதித்தானே போட்டிருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் மாஸ்டர் பெயர் இருக்கிற நாளாகப் பார்த்துப் போகலாம், செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் அவர்தான். எனக்கென்னவோ தினமும் ஒரே மாதிரி இருக்கிற ஓட்டல் சாம்பாரைவிட, இன்றைக்கு எவன் கை என்று பார்த்துவிட்டு உட்காருவது பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய சமையல்காரருக்குச் சின்னச் சமையல் சுலபம் என்று நாம் நினைக்கிறோம், அது தலைகீழ். ஆயிரம் பேர் சாம்பாரின் கணக்கைப் பதினாறால் வகுத்து அறுபது பேருக்கு வைத்தால் வராது. பெரிய அண்டாவில் தண்ணீர் மெதுவாகத்தான் சுண்டும், சின்னப் பாத்திரத்தில் மளமளவென்று சுண்டிவிடும். புளியும் உப்பும் மிளகாயும் அதே விகிதத்தில் போட்டால் ஏறிக்கொள்ளும். அதனால்தான் ஆடி முதல் நாலு நாள் குழம்பு கெட்டியாகவும் காரமாகவும் இருக்கிறது, மாஸ்டர் கையே படியிலிருந்து ஆழாக்குக்கு இறங்க வேண்டியிருக்கிறது. முதல் வாரம் போகிறவர்கள் கூடுதலாக ஒரு டம்ளர் மோர் வாங்கிக்கொள்ளுங்கள், மோருக்குக் காசு இல்லை. தயிர் மட்டும் பாக்கெட் தயிர்தான், இவ்வளவு செய்கிறவர்கள் தயிரை உறை ஊற்றக்கூடாதா என்று கேட்டேன், சிரித்தார், பதில் வரவில்லை.

காசுக் கணக்கு. கேட்டால் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன், நானும் ஆடியில் ஈ ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அறுபது இலை, 90 ரூபாய், ஆக 5,400. மளிகை, காய், இலை, விறகு எல்லாம் சேர்த்து 2,500 பக்கம். நாலு பேர் சம்பளம் தலைக்கு 600, அது 2,400. நிற்பது 500 ரூபாய், அதுவும் அறுபது இலை போனால். மழை வந்து நாற்பது இலையோடு நின்றால் கையைக் கடிக்கும். "இதுக்கு எதுக்குண்ணா இவ்வளவு பாடு?" என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முன்பெல்லாம் ஆடியில் பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். ஒரு மாதம் வருமானம் இல்லாமல் எவன் இருப்பான், ஒருத்தன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், ஒருத்தன் பெங்களூர் ஓட்டலுக்குப் போனான், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணத்தை ஒத்துக்கொண்டு கையில் ஆள் இல்லாமல் நின்றிருக்கிறார். கூலிக்கு வந்த ஆட்கள் ஒரு மண்டபத்தில் வடையைக் கருக்கிவிட்டார்கள், அந்தக் குடும்பம் இன்றுவரை இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "அந்த ஐந்நூறு ரூவா லாபம் இல்லீங்க. பசங்க நாலு பேரும் ஆவணி ஒண்ணாந்தேதி இங்கயே இருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆடிச் சம்பாத்தியம்."

நான் கவனித்த வேறொன்றை அவர் சொல்லவில்லை. மூலை டேபிளில் அடிக்கடி ஒரு குடும்பம், அப்பா அம்மா, ஒரு தாய்மாமா, கையில் ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்து, சாப்பிடுவதைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆவணி, ஐப்பசிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள். வழக்கமாக ஒரு சமையல்காரரின் கையை எப்படித் தெரிந்துகொள்வோம், அவர் சமைத்த வேறு யாராவது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத்தான். இங்கே 90 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே அட்வான்சும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் இரண்டு குடும்பத்தை மாஸ்டர் என் கடைக்கு அனுப்பி வைத்தார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், அதனால் என் நாக்கில் கொஞ்சம் நன்றியுணர்ச்சி கலந்திருக்கலாம், ஒரு புள்ளி குறைத்தே படியுங்கள்.

இதை எழுதும்போது போன வருஷம் ஏற்காட்டில் பட்ட பாடு ஞாபகம் வருகிறது. ஆடியில்தான் நமக்கு வேலை இல்லையே என்று ஒரு செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். மே மாதக் கோடை விழாவுக்கு அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடியில் பஞ்சு மாதிரி மூட்டம் இறங்கி, ஏரிக்கரையில் நாம் மட்டும்தான். ஊர் அப்படி அழகாக இருந்தது. தங்கிய இடம்தான், பெயர் வேண்டாம், சீசன் இல்லை என்று சமையல்காரரையே அனுப்பிவிட்டார்களாம். ராத்திரி பசிக்கிறது என்றால் "மேகிதான் சார் இருக்கு" என்கிறான் ஒரு பையன். போர்வையில் பூஞ்சை வாடை. வெந்நீர் கேட்டால் அடுத்த மாதம்தான் ஆள் வந்து ரிப்பேர் பார்ப்பாராம். கூட்டமே இல்லாத நேரத்தில் வந்து நிற்கிற நாலு பேரை நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாங்கள் அல்லவா மே மாதத்துக்கு நாற்பது பேரைக் கூட்டி வருவோம். இத்தனைக்கும் சுற்றி இருக்கிற காப்பித் தோட்டங்களைப் பாருங்கள், பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழி, தையில்தான், ஆனால் மழைக்காலத்தில் களை எடுப்பதும் உரம் வைப்பதும் நிழல் மரக் கிளையைக் கழிப்பதும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சரி, அம்மாப்பேட்டைக்கே திரும்பலாம்.

போன வருஷம் ஆடி பத்து வாக்கில் போனபோது கொட்டகைக்குப் பின்னால் ஈயம் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தது சின்ன வயதில் எங்கள் தெருவில். தரையில் குழி வெட்டி, கரி போட்டு, துருத்திக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் காற்றாடி. பித்தளைத் தவலையை அதன்மேல் கவிழ்த்துச் சூடேற்றி, நிமிர்த்தி, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுகிறார் பெரியவர், குப்பென்று வெள்ளைப் புகை, கண் எரிகிறது. அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் வட்டமாகத் தேய்த்தால், கருத்துக் கிடந்த பாத்திரத்தின் உள்பக்கம் நிலா மாதிரி வெளுத்துக்கொண்டே போகிறது. இரண்டே நிமிஷம். ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிக் கெட்டுவிடும், அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது பூசியாக வேண்டும், ஆனால் வைகாசியில் எந்தத் தவலை சும்மா இருக்கிறது பூசுவதற்கு? அதே சமயம் இன்னொரு பக்கம் கிரைண்டர் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தார். சீசன் முழுக்க மண்டபம் மண்டபமாகப் போய்வந்ததில் எவர்சில்வர் டம்ளர் அறுபத்து மூன்று குறைகிறது, அதில் வேறு யாரோ ஒருத்தருடைய பெயர் வெட்டிய டம்ளர் பதினொன்று கூடுதலாக இருக்கிறது. அந்தப் பதினொன்றைத் தனியே கட்டி வைத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுக்க. நம்முடையதை அவர்கள் கொடுப்பார்களா என்று கேட்டேன், அதற்கும் சிரிப்புதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. கொட்டகை தகரம், பதினொன்றரை வெயில் இருந்தால் பன்னிரண்டரைக்கு உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன், அது எப்போதும் பரிமாறுகிறவர் பக்கம்தான் திரும்பி இருக்கும். சந்தில் கார் நுழையாது. பைக்கை நிறுத்தினால்கூட எதிர்வீட்டு அம்மா வந்து எடுக்கச் சொல்வார், அவர் சொல்வதும் நியாயம். பார்சல் கட்டித் தர மாட்டார்கள், பிளாஸ்டிக் கவர் வைப்பதில்லை, நாமே தூக்குவாளி கொண்டுபோனால் ஊற்றித் தருவார்கள். இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பது கல்யாண வீடு மாதிரியேதான், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும், நமக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். டோக்கன் கொடுங்கள் என்று நோட்டில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல், சொல்லாமல் பூட்டிவிடுவது. ஆடியில் கல்யாணமே இல்லை என்று நாம் சொல்கிறோமே தவிர, நம் ஊரில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கல்யாணம் வைக்காத ஆஷாட மாதம் அமாவாசையோடு முடிந்துவிடும், அதனால் ஆடிப் பிற்பாதியில் ஒன்றிரண்டு முகூர்த்தம் வந்துவிடுகிறது. அப்படி ஆர்டர் வந்தால் அன்றைக்குக் கொட்டகை பூட்டு. கல்யாணத்தை விட்டுவிட்டு நமக்குச் சோறு போடச் சொல்ல முடியாதுதான், ஆனால் அந்தச் சிலேட்டில் முந்தின நாளே ஒரு வரி எழுதிப் போடலாம் அல்லவா. இரண்டு தடவை வெறும் வயிற்றோடு திரும்பி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட் தின்று மதியத்தை ஒப்பேற்றினேன். நோட்டில் இதையும் எழுதிவிட்டேன்.

அப்புறம் என் கதை. இரண்டாவது ஆடியில் அந்த டம்ளர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கும் உறைத்தது. எனக்கும் இப்படி ஒரு சீசனில் நேர்ந்த அசிங்கம் உண்டு. முகூர்த்தம் ஆறு டூ ஏழரை என்பதை ஏழு டூ எட்டரை என்று நானூறு கார்டில் அடித்து, அதை வாங்கிப் போனவரும் பார்க்காமல் பாதியைக் கொடுத்து முடித்தபிறகு, பெண்ணின் பெரியப்பா கண்டுபிடித்தார். மொத்தத்தையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். வைகாசியில் ஒரே நாளில் ஏழெட்டு மேட்டர் வந்தால் புரூஃப் பார்க்க எங்கே நேரம்? அதனால் இப்போது ஆடியில் நானும் கடைப் பையனும் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்துப் பார்க்கிறோம், எங்கே எழுத்து விழுந்தது, யார் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டம் விட்டுப்போனது, பெண் வீட்டார் பெயர் வரிசையில் எங்கே சண்டை வந்தது என்று. அதிலிருந்து ஒரு பக்கத் தாள் ஒன்று தயார் செய்தோம், தேதி, கிழமை, நேரம், மண்டபம், தாய்மாமன் பெயர் என்று பெட்டி பெட்டியாக. மேட்டர் கொடுக்க வருகிறவர் தன் கையாலேயே அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன ஆவணியிலிருந்து ஒரு பத்திரிகைகூட மறுபடி அடிக்கவில்லை. கோவில் திருவிழா நோட்டீசும் வசூல் ரசீது புத்தகமும் ஆடியில் எப்படியும் கொஞ்சம் வரும், கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஆரம்பித்து எட்டுப் பேட்டை மாரியம்மனுக்கும் பண்டிகை அல்லவா, அதை முன்பு ஏனோதானோவென்று அடித்துக் கொடுப்பேன், இப்போது அதையும் ஒழுங்காகச் செய்கிறேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஆல்பம் வந்த கையோடு செவ்வாய்பேட்டை மளிகை மண்டிகளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், தீபாவளிக்கு அப்புறம் போனால் அவர்களுக்கு நம்மைப் பார்க்கவே நேரம் இருக்காது, இப்போது உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதிப் பேர் முருகன், மீதிப் பேர் மகாலட்சுமி. அது மாறாது.

மார்கழியிலும் இவர் ஏதாவது செய்கிறாரா என்று கேட்பவர்களுக்கு: விடியற்காலை ஐந்து மணியிலிருந்து எட்டு வரை வெண்பொங்கல் மட்டும், அதுவும் ஐயப்ப சாமிகளுக்கு அன்னதான ஆர்டர் இல்லாத நாளில். நான் எழுந்து போனது இரண்டு நாள்தான், மிளகை இடிக்காமல் முழுசாகப் போடுகிறார்கள், என் பல்லுக்கு ஒத்துவரவில்லை, அதனால் அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை கொள்ளுக்குப் போங்கள், பன்னிரண்டே காலுக்கே வாசலில் நில்லுங்கள், சில்லறையாக 90 ரூபாய் வைத்திருங்கள், ஸ்கேன் பண்ணுகிற அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் அந்தத் தகரக் கூரைக்குள் சிக்னல் கிடைக்காது. தூக்குவாளிக்கு மூடி இருக்கட்டும், வரும் வழியில் காற்று மண்ணை வாரிப் போடும். ஆடி பதினெட்டு அன்று மட்டும் போகாதீர்கள். மாஸ்டர், பெரியவர், பையன்கள் நாலு பேர், எதிர்வீட்டு அம்மா உட்பட எல்லாரும் குட்டியானையில் ஏறி மேட்டூர் போய்விடுவார்கள், ஆற்றில் குளிக்க. அன்றைக்குச் சமையல் யார் என்று கேட்டேன். புளிசோறு கட்டிக்கொண்டு வருவது எதிர்வீட்டு அம்மாவாம்.